குளிர்விப்பின் வரலாறு – 7: செப்புச் சுவரில் வெட்டிய தடங்கள்

காற்றை நம்பிய குளிர்விப்பு, அதாவது அலுமினியச் செதில்கள் கொண்ட ஹீட் சிங்குகளும் அவற்றின்மேல் சுழலும் விசிறிகளும், எந்த எல்லையில் நின்றுவிட்டது என்பதைச் சென்ற பகுதிகள் விளக்கின. அந்த எல்லைக்கு அப்பால் உள்ள முறையை, அதாவது மயிரிழை அகலமே உள்ள தடங்களில் நீர்மத்தை ஓடவிட்டு வெப்பத்தை வாரிச் செல்லும் முறையை, இந்தப் பகுதி எடுத்துக்கொள்கிறது. இதன் வரலாறு இரண்டு கிளைகளாக வளர்ந்தது. ஒரு கிளை கணினிச் சில்லின் முதுகில் பொறிக்கப்பட்ட தடங்களைச் சார்ந்தது, மற்றொன்று ஏவூர்தி எஞ்சினின் சுவரில் வெட்டப்பட்ட தடங்களைச் சார்ந்தது. முதற்கிளை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கியது. இரண்டாவது கிளையின் இந்திய அத்தியாயம் நாஞ்சில் நாட்டின் வடகிழக்கு எல்லையில், ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் தென்படும் மகேந்திரகிரி மலையடிவாரத்தில் எழுதப்பட்டது. இவ்விரு கிளைகளிலும் அறிவியல் முன்னரே ஆயத்தமாக இருந்தது என்பதும், தாமதமானதெல்லாம் தடத்தை வெட்டுவதும் அதை மூடுவதுமே என்பதும் இப்பகுதி நிறுவ முற்படும் கருத்து.

குழாயினுள் சீராக ஓடும் நீர்மத்துக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையில் வெப்பம் எவ்வளவு விரைவாகக் கைமாறும் என்ற கணக்கை லியோ கிரேட்ஸ் 1880களிலும், வில்ஹெல்ம் நுசெல்ட் 1910இலும் தந்துவிட்டனர். நீர்மம் ஒன்றோடொன்று கலவாத அடுக்குகளாக ஓடும் நிலையில், அதாவது அடுக்கோட்டத்தில், சுவரிலிருந்து நீர்மத்துக்கு வெப்பம் ஏறும் திறன் குழாயின் விட்டத்துக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் ஓடும் தண்ணீர், சுவரின் ஒரு சதுர மீட்டரிலிருந்து, ஒரு பாகை வெப்பநிலை வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 260 வாட் வெப்பத்தை வாங்கும். அதே தண்ணீர் 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள தடத்தில் ஓடினால் 26,000 வாட் வாங்கும். சுவரை ஒட்டிய மந்தமான நீரடுக்கைக் கடந்து வெப்பம் உட்செல்ல வேண்டிய தொலைவு நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதே இதற்குக் காரணம். இதற்குக் கொடுக்க வேண்டிய விலை அழுத்தம். நுண்குழாய்களில் குருதி ஓடும் விதத்தை அறிய விரும்பிய பிரெஞ்சு மருத்துவர் புவாசே 1840களில் வெளியிட்ட விதியின்படி, விட்டத்தைப் பாதியாக்கிவிட்டு அதே அளவு நீரைத் தள்ள வேண்டுமானால் அழுத்தத்தைப் பதினாறு மடங்காக்க வேண்டும். ஆகவே ஒரே நீண்ட மெல்லிய குழாயால் பயனில்லை. குட்டையான, நூற்றுக்கணக்கான தடங்கள் அருகருகே அமைந்து, நீரைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இத்தனையும் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே எந்தப் பொறியாளரும் தாளில் போட்டுப் பார்த்திருக்கக்கூடிய கணக்குதான்.

அதைச் செய்துகாட்டியவர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் டேவிட் டக்கர்மனும் அவருடைய பேராசிரியர் ஃபேபியன் பீஸும் ஆவர். 1981 மே மாதம் வெளியான அவர்களுடைய சிறு கட்டுரை, ஒரு சதுர சென்டிமீட்டர் சிலிக்கான் துண்டின் பின்புறத்தில் 50 மைக்ரான் அகலமும் ஏறத்தாழ 300 மைக்ரான் ஆழமும் கொண்ட தடங்களை, இடையில் 50 மைக்ரான் தடிப்புள்ள சுவர்களை விட்டு, வரிசையாக அமைத்த சோதனையை விவரித்தது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நொடிக்கு 8.6 கன சென்டிமீட்டர் தண்ணீரை, வளிமண்டல அழுத்தத்தைப் போல இரு மடங்கு அழுத்த வேறுபாட்டில் செலுத்தியபோது, அத்துண்டு சதுர சென்டிமீட்டருக்கு 790 வாட் வெப்பத்தை ஏற்றும், உள்வரும் நீரைவிட 71 பாகைக்கு மேல் சூடேறவில்லை. உச்சிவெயில் தரையின் ஒரு சதுர சென்டிமீட்டரில் இறக்கும் வெப்பம் 0.1 வாட் மட்டுமே என்பதையும், சூரியனின் மேற்பரப்பே சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 6,300 வாட்தான் உமிழ்கிறது என்பதையும் அருகில் வைத்தால் அந்த 790இன் பொருள் விளங்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது, அவர்கள் புதிதாக எந்த வெப்பவியல் விதியையும் கண்டுபிடிக்கவில்லை என்பதே. சிலிக்கான் படிகத்தைக் குறிப்பிட்ட திசையில் மட்டும் அரித்துச் செங்குத்தான சுவர்களை உருவாக்கும் வேதி முறையும், கண்ணாடித் தகட்டை மின்னழுத்தத்தின் துணையால் சிலிக்கானோடு பசையின்றி ஒட்டி மூடும் முறையும் சில்லுத் தொழிலில் அப்போதுதான் கைக்கு வந்திருந்தன. வெட்டவும் மூடவும் வழி பிறந்ததும், நூறாண்டுப் பழைய கணக்கு கருவியாயிற்று.

ஆயினும் அடுத்த இருபது ஆண்டுகளுக்குத் தொழிலுலகம் இதனைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1980இல் ஐபிஎம் நிறுவனம் அறிமுகப்படுத்திய 3081 வகைப் பெருங்கணினி தண்ணீரால் குளிர்விக்கப்பட்டதுதான். அந்த வழி தொடர்ந்திருந்தால் நுண்தடங்கள் விரைவிலேயே தேவைப்பட்டிருக்கும். ஆனால் 1990களில் பெருங்கணினிகள் வெப்பம் மிகுந்த இருதுருவ டிரான்சிஸ்டர்களைக் கைவிட்டு, குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சிமாஸ் வகைக்கு மாறியதும் வெப்பச் சிக்கல் தானாகவே தணிந்தது. 2005 வாக்கில் டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அதன் மின்செலவும் அதே விகிதத்தில் குறையும் என்ற பழைய நியதி முறிந்தபோதுதான் வெப்பம் திரும்பி வந்தது. பயன்பாடு இல்லாத காலத்தில் பிறந்த நல்ல கருவி ஆய்விதழ்களில் உறங்குவது தொழில்நுட்ப வரலாற்றில் புதிதன்று. இங்கே அந்த உறக்கம் சற்று நீண்டுவிட்டது.

ஏவூர்திக் கிளை இதைவிட மூத்தது. எரியறையின் சுவரை எரிபொருளைக் கொண்டே குளிர்விக்கலாம் என்ற எண்ணம் ரஷ்யரான சியோல்கோவ்ஸ்கியின் 1903ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே உண்டு. எரிபொருள் நேராக எரியறைக்குள் போகாமல், முதலில் சுவரைச் சுற்றி ஓடி, வெப்பத்தை வாங்கிக்கொண்டு, பிறகு உள்ளே தெளிக்கப்படுகிறது. வாங்கிய வெப்பம் வீணாகாமல் எரிதலுக்கே திரும்பிவிடுவதால் இதற்கு மீள்பயன் குளிர்விப்பு என்று பெயர். அமெரிக்காவில் ஜேம்ஸ் வைல்டு 1938இல் இவ்வகைச் சிறு எஞ்சினை இயக்கிக் காட்டினார். நிலவுப் பயணக் காலத்து எஞ்சின்களின் சுவர்கள் மெல்லிய உலோகக் குழாய்களை நெருக்கி அடுக்கி ஒட்டியவை. விண்ணோடத்தின் முதன்மை எஞ்சினில்தான் அடுத்த படி வந்தது. செம்போடு வெள்ளியும் சிர்க்கோனியமும் கலந்த உட்சுவரில் 390 தடங்கள் எந்திரத்தால் வெட்டப்பட்டு, அவற்றின் வாய் மின்முலாம் முறையில் நிக்கலால் மூடப்பட்டது. அதன் கழுத்துப் பகுதியில் வெப்பப் பாய்வு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து கிலோவாட்டுக்கும் மிகுதி. டக்கர்மனின் சில்லு தாங்கியதைப்போலப் பன்னிரண்டு மடங்குக்கு மேல்.

இரண்டையும் ஒன்றாகவே கருதிவிடக்கூடாது. ராச்சஸ்டரில் பணியாற்றும் இந்தியப் பேராசிரியர் சதீஷ் கண்டலிகர் 2003இல் முன்வைத்த வகைப்பாட்டின்படி, 10 முதல் 200 மைக்ரான் வரை உள்ளவையே நுண்தடங்கள். அதற்கு மேல் 3 மில்லிமீட்டர் வரை சிறுதடங்கள். ஏவூர்தித் தடங்கள் பெரும்பாலும் மில்லிமீட்டர் அளவின, ஆதலால் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் ஓட்டம் அடுக்கோட்டமும் அன்று. பெருவேகத்தில் கொந்தளித்து ஓடுவது. குறுகிய தடம் அங்கே வேகத்தைக் கூட்டுவதாலும், தடங்களின் இடைச்சுவர்கள் செதில்களாக நின்று பரப்பைப் பெருக்குவதாலும் பயன் கிடைக்கிறது. வழி வேறாயினும் செய்யவேண்டிய கைவேலை ஒன்றே: வெப்பத்தை நன்கு கடத்தும் பொருளில் ஆழமான, குறுகிய தடங்களை வெட்டி, கசிவின்றி மூடுவது.

இந்தக் கைவேலை இந்தியாவுக்கு வந்த வழியில் நாஞ்சில் நாட்டுப் பெயர்கள் தொடர்ந்து தட்டுப்படுகின்றன. இஸ்ரோவின் நீர்ம உந்துமுறைப் பணிகளுக்கு அடித்தளமிட்ட ஏ. இ. முத்துநாயகம் குமரி மாவட்டத்தவர். பிரான்சுடன் 1974இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி வைக்கிங் எஞ்சின் நுட்பத்தைக் கற்று, அதை விகாஸ் எஞ்சினாக்கிய குழுவை நடத்திய நம்பி நாராயணன் 1941இல் நாகர்கோவிலில் பிறந்தவர். விகாஸ் எஞ்சினின் எரியறையில் தடங்கள் வெட்டும் வேலையே இல்லை; எரிபொருளின் ஒரு பகுதியைச் சுவரையொட்டிப் படலமாகப் படரவிட்டு, சுவரை நெருப்பிலிருந்து மறைக்கும் முறை அதனுடையது. எளிமையும் உறுதியும் அதன் நற்பண்புகள். அப்படலத்துக்கு ஒதுக்கும் எரிபொருள் முழுத் திறனோடு எரியாமல் போவது அதன் இழப்பு.

தாழ்வெப்ப எஞ்சினில், அதாவது கிரையோஜெனிக் எஞ்சினில், இந்த இழப்பைப் பொறுத்துக்கொள்ள இயலாது. மைனஸ் 253 பாகையில் நீர்மமாகும் ஹைட்ரஜனும், மைனஸ் 183 பாகையில் நீர்மமாகும் ஆக்சிஜனும் எரிந்து 3,000 பாகைக்கு மேற்பட்ட அனலைத் தருகின்றன; அந்த அனலுக்கும் உறைகுளிர் ஹைட்ரஜனுக்கும் நடுவே நிற்பது மெல்லிய செப்புச் சுவர். ரஷ்யாவின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்துடன் 1991இல் செய்துகொண்ட உடன்பாடு இந்நுட்பத்தையும் சேர்த்துத் தருவதாக இருந்தது. அமெரிக்கா 1992இல் தடைகள் விதித்ததையடுத்து, 1993இல் அது திருத்தப்பட்டு, ஏழு ஆயத்த நிலைகள் (ஏவூர்தியின் அடுக்குகள்) மட்டும் கிடைத்தன, நுட்பம் கிடைக்கவில்லை. வரைபடம் கிடைக்காதது குறை என்பதைவிட, செய்முறை கிடைக்காததே பெருங்குறை. செம்பு, குரோமியம், சிர்க்கோனியம், டைட்டானியம் சேர்ந்த கலப்புலோகத்தை உருவாக்கி, அதில் தடங்களை மில்லிங் செய்து, வெளியே எஃகு உறையைப் பொருத்தி, வெற்றிட உலையில் இரண்டையும் பிரேசிங் முறையில் இணைக்கும் வேலையில், ஒரேயொரு இணைப்பு வாய்விட்டாலும் ஹைட்ரஜன் அண்டைத் தடத்துக்கு மாறிவிடும். வெப்பம் மிகுந்த இடத்தில் அது சுவரைத் துளைக்கப் போதுமானது. இது நூலில் படித்துப் பெறும் அறிவன்று, உலையிலிருந்து எடுத்த ஒவ்வொரு அறையையும் அழுத்தமேற்றிச் சோதித்துப் பெறுவது. இந்த எஞ்சின்களை வடித்துத் தந்ததில் மும்பையின் கோத்ரெஜுக்கும் ஐதராபாத்தின் எம்டார் நிறுவனத்துக்கும் பெரும்பங்கு உண்டு. அவற்றை நெருப்பில் நிறுத்திச் சோதித்த இடம் மகேந்திரகிரி.

திருநெல்வேலி மாவட்டத்துக்குள் அடங்கினாலும், நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு வழியாக எளிதில் எட்டக்கூடிய அந்த வளாகம், 2014 பிப்ரவரி முதல் இஸ்ரோ உந்துமுறை வளாகம் என்ற தனி அமைப்பாக இயங்குகிறது. உள்நாட்டுத் தாழ்வெப்ப நிலை 2007 நவம்பர் 15 அன்று அங்கே 720 நொடிகள் எரிந்தது. 2014 ஜனவரி 5 அன்று ஜிஎஸ்எல்வி ஏவூர்தியில் வெற்றியோடு பறந்தது. அதற்கடுத்த, 200 கிலோநியூட்டன் உந்துவிசை கொண்ட சிஇ-20 எஞ்சின் 2015 ஜூலை 16 அன்று, பறப்பில் தேவைப்படுவதைவிடக் கால் பங்கு மிகுதியாக, 800 நொடிகள் தொடர்ந்து எரிக்கப்பட்டது. இதைத் தாங்கிய நிலையான சி-25 திட்டத்தின் இயக்குநராக இருந்து, 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவரான வி. நாராயணன் குமரி மாவட்டத்து மேலக்காட்டுவிளையைச் சேர்ந்தவர். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்றதும் இந்த எஞ்சின்தான். எண்ணூறு நொடி என்பது கேட்பதற்குச் சிறிது. ஆனால் எரியறைச் சுவர் சில நொடிகளுக்குள்ளேயே தன் நிலைத்த வெப்பநிலையை அடைந்துவிடும் என்பதால், மிகுந்த நேரமெல்லாம் தடங்களின் கசிவின்மைக்கு நடந்த தேர்வே.

மலையிலிருந்து கணவாய்க்குள் இறங்கினால், முப்பந்தலில் மின்னணுக் குளிர்விப்பின் நேரான எடுத்துக்காட்டு நிற்கிறது. தமிழ்நாட்டுக் காற்றாலைகள் 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் தொடங்கி, 1990களில் இக்கணவாயில் பெருகின. தொடக்ககால எந்திரங்கள் நிலையான வேகத்தில் சுழன்று நேரே மின்வலையோடு இணைந்தவை. அவற்றில் மின்னணுப் பகுதி சிறிது. காற்றுக்கேற்ப வேகம் மாறும் பிற்கால எந்திரங்களில், உற்பத்தியாகும் மின்சாரத்தின் ஒரு பகுதியோ முழுவதுமோ ஐஜிபிடி எனப்படும் அரைக்கடத்தி நிலைமாற்றிகளின் வழியே போகிறது. 1,500 கிலோவாட் எந்திரத்தின் முழு மின்சாரமும் அவற்றைக் கடந்து, அதில் நூற்றுக்கு மூன்று பங்கு இழப்பு என்று கொண்டாலும், 45 கிலோவாட் வெப்பம் உள்ளங்கையில் அடங்கும் சிலிக்கான் துண்டுகளிலிருந்து வெளியேற வேண்டும். காற்று வலுக்கும் ஆனி, ஆடி மாதங்களில்தான் இவ்வெப்பமும் உச்சத்துக்குப் போகும். வெளியே காற்று கொட்டிக் கிடந்தாலும் அதை நேரே உள்ளே இழுக்க இயலாது. கடலின் உப்பும் தூசியும் மின்சுற்றுகளை அரித்துவிடும். அதனால் பெரிய எந்திரங்களில் தண்ணீரும் கிளைக்காலும் கலந்த நீர்மம் மூடிய சுற்றில் ஓடி, தடங்கள் வெட்டிய உலோகத் தகட்டின்மேல் அமர்ந்த நிலைமாற்றிகளின் வெப்பத்தை வெளியிலுள்ள ரேடியேட்டருக்குக் கொண்டுசேர்க்கிறது. இத்தகடுகளின் தடங்களும் சிறுதட வகையைச் சேர்ந்தவையே; அந்த அளவுக்கு மேல் நுண்மை அங்கே தேவைப்படவில்லை.

எல்லா வகைத் தடங்களுக்கும் பொதுவான நோய் ஒன்று உண்டு. நூறு தடங்களுக்கு ஒரே வாயிலிலிருந்து நீர் பிரியும்போது, வாயிலுக்கு எதிரே உள்ளவை மிகுதியாகவும் ஓரத்திலுள்ளவை குறைவாகவும் பெறும். பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடிந்த காலத்திலிருந்து சானல் பாசனத்தில் கடைமடைக்காரர் எழுப்பிவரும் வழக்கு இதுவே. ஆனால் வயலில் முறைவைத்துத் தண்ணீர் திறக்கலாம், சில்லில் அதற்கு நேரமில்லை. நீர் குறைந்த தடம் முதலில் கொதிக்கும். கொதித்தெழும் ஆவிக்குமிழி அத்தடத்தின் எதிர்ப்பைக் கூட்டும். எதிர்ப்பு கூடியதும் இருக்கும் நீரும் அண்டைத் தடங்களுக்கு ஒதுங்கிவிடும். மண்ணெண்ணெயால் குளிரும் எஞ்சின்களில் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. மிகைச்சூட்டில் எண்ணெய் சிதைந்து கரியாகத் தடத்தில் படியும்; படிந்த கரி வெப்பத்தைத் தடுப்பதால் சுவர் மேலும் சூடேறும். 2,000 கிலோநியூட்டன் உந்துவிசைக்குத் திட்டமிடப்பட்டு, 2023 மே மாதம் முதல் மகேந்திரகிரியில் படிப்படியாகச் சோதிக்கப்பட்டுவரும், மண்ணெண்ணெயால் இயங்கும் பகுதித் தாழ்வெப்ப எஞ்சினின் வடிவமைப்பாளர்களும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் ஆகவேண்டும்.

நீர்மத்தையே மாற்றிப் பார்க்கும் முயற்சிகளும் நடந்தன. உலோக நுண்துகள்களைத் தண்ணீரில் கலந்தால் வெப்பக் கடத்தல் வியக்கத்தக்க அளவு உயரும் என்ற நம்பிக்கை இருபதாண்டுகளுக்கு முன் உலகெங்கும் பரவியிருந்தது. சென்னை ஐஐடியின் சரித் குமார் தாஸும் தி. பிரதீப்பும் இத்துறையின் முதன்மையான நூலொன்றை 2007இல் எழுதிய நால்வரில் இருவர். முப்பதுக்கு மேற்பட்ட ஆய்வகங்கள் ஒரே மாதிரிகளை அளந்து 2009இல் வெளியிட்ட முடிவோ, ஏற்கெனவே அறிந்த கோட்பாட்டை மீறிய உயர்வு எதுவும் இல்லை என்றது. தடத்தைச் செப்பமாக வெட்டுவதற்கு ஈடான குறுக்குவழி நீர்மத்தில் கிடைக்கவில்லை.

வெட்டும் கலையோ இதற்குள் வேறு நிலைக்கு நகர்ந்துவிட்டது. சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகத்தில் எலிசன் மத்தியோலியின் குழு, சில்லைச் செய்து முடித்த பிறகு தடத்தை ஒட்டாமல், மின்சுற்றையும் தடங்களையும் ஒரே துண்டில் சேர்த்தே வடிவமைத்து, சதுர சென்டிமீட்டருக்கு 1.7 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வெப்பத்தை அகற்றியதாக 2020இல் அறிவித்தது. அதற்குச் செலவான விசையியக்கத் திறன் சதுர சென்டிமீட்டருக்கு 0.57 வாட் மட்டுமே. ஏவூர்திக் கிளையில் உலோகத்தூளை லேசரால் உருக்கி அடுக்கடுக்காக வார்க்கும் அச்சுமுறை வந்ததும், தடத்தை மூடும் பழைய தலைவலியே நீங்கத் தொடங்கியது. ஏனெனில் தடம் சுவரோடு சேர்ந்தே பிறக்கிறது. 2024 மே 9 அன்று மகேந்திரகிரியில் 665 நொடிகள் எரிந்த, பிஎஸ்எல்வி ஏவூர்தியின் நான்காம் நிலைக்கான பிஎஸ்4 எஞ்சின், 14 உறுப்புகள் ஒன்றாகவும், 19 பற்றவைப்புகள் இல்லாமலும் அச்சில் வார்த்தது; பழைய முறையில் 565 கிலோ மூலப்பொருள் பிடித்த வேலைக்கு 13.7 கிலோ தூள் போதுமானதாயிற்று. அதே மாதம் 30ஆம் நாள் சென்னை ஐஐடியில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் சோதனை ஏவூர்தியைச் செலுத்தியது.

கணினிக் கிளையின் தமிழ்நாட்டு எடுத்துக்காட்டு திருச்சிராப்பள்ளியில் உள்ளது. அங்குள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று தொடங்கிவைக்கப்பட்ட 838 டெராஃப்ளாப் திறனுள்ள பரம் பொருள் மீக்கணினி, காற்றை விட்டு, நீர்மம் ஓடும் தகடுகளைச் செயலிகளின்மேல் நேரே அமர்த்தும் முறையில் குளிர்விக்கப்படுகிறது. செயற்கை நுண்ணறிவுக்கான ஒற்றைச் செயலியே 700 வாட்டையும் ஆயிரம் வாட்டையும் தாண்டிவிட்ட நிலையில், இம்முறை இனி விதிவிலக்காக இராது, பெரிய தரவு மையங்களின் வழக்கமாகவே இருக்கும். ஆயினும் இன்று விற்பனையில் உள்ள தகடுகள் பெரும்பாலும் சில்லின்மேல் வைத்து அழுத்தப்படுபவை. சில்லுக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள பசையடுக்கு தடங்களின் பயனில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. டக்கர்மன் 1981இல் காட்டியபடி சில்லின் முதுகிலேயே தடம் வெட்டும் முறை நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பரவலான விற்பனைக்கு வரவில்லை. தடங்களுக்குள் நீரைக் கொதிக்கவிட்டே வெப்பத்தை அகற்றும் முயற்சிகளும், அவற்றில் எழும் நிலையின்மையும் அடுத்த பகுதியில் இடம்பெறும்.